கறுப்புத் திரையில் காணாமல் போன இரண்டு ஊர்

ஜமுனாமரத்தூர்,
5.10.2025

அருணுக்கு,

அன்பரசி எழுதுவது. நான் நலம், அம்மா நலம், கொல்லையில் சாமைக் கதிரும் நலம். உன் நலத்தைப் போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் இந்த விஷயத்தைப் போனில் எடுத்தால் நாலாவது வார்த்தையில் நீ கத்துகிறாய், அஞ்சாவது வார்த்தையில் நான் கட் பண்ணுகிறேன். அதனால் மெயிலில் கடிதமாகவே எழுதிவிடுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுப் பதில் எழுது. பாதியில் கூப்பிடாதே.

விஷயம் இதுதான். மலை விவசாயிகள் சங்கத்து வண்டிப் புரோகிராமை இனிமேல் புது எடிட்டரில்தான் திருத்தப் போகிறேன். புரோகிராம் எழுத நீ போட்டுக் கொடுத்த கறுப்புத் திரை எடிட்டர் எனக்கு வேண்டாம்.

இதைப் படித்ததும் உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். பெங்களூரில் உன் கம்பெனியில் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், மவுஸைத் தொடுகிறவன் புரோகிராமரே இல்லை என்பாய். இருக்கட்டும். நம் கல்யாணமான வருஷம் வாணியம்பாடி வாடகை வீட்டில் உட்கார்ந்து இந்தப் புரோகிராமை இரண்டு பேரும் சேர்ந்துதானே எழுதினோம்? எந்தக் கிழமை எந்த ஊருக்குப் போய்ச் சாமை மூட்டை ஏற்ற வேண்டும் என்று டிரைவர் சந்திரன் அண்ணனுக்குத் தாள் அடித்துக் கொடுக்கும். முந்தின நாளே அந்த ஊர்க்காரர்களுக்கு மெசேஜ் போகும். ஊர்ப் பெயரையெல்லாம் நீ இங்கிலீஷில் போட்டு வைத்திருந்தாய். அண்ணனுக்குத் தமிழ்தான் படிக்க வரும் என்று நான் எல்லாவற்றையும் தமிழில் மாற்றினேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

உன் கறுப்புத் திரையில் எழுதுவதற்கு ஒரு நிலை, கட்டளை போடுவதற்கு ஒரு நிலை. கட்டளை நிலையில் இருக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் ஒரு உத்தரவு. ஒன்றைத் தட்டினால் வரி அழியும், ஒன்றைத் தட்டினால் வேறு வரிக்குத் தாவும். அந்த உத்தரவெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. என் ஊரெல்லாம் தமிழ் எழுத்து. ஒவ்வொரு ஊருக்கும் கீபோர்டைத் தமிழுக்கு மாற்று, எழுது, எஸ்கேப் தட்டு, இங்கிலீஷுக்கு மாற்று, உத்தரவு போடு, திரும்பத் தமிழுக்கு மாற்று. சாயங்காலம் ஆனால் என் விரல் எந்த மொழியில் இருக்கிறது என்று எனக்கே தெரிவதில்லை.

இது போதாது என்று அந்தத் திரையில் தமிழ் சரியாகத் தெரிவதும் இல்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரம்யா நேற்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, கொம்பு தனியா கெடக்குது, எழுத்து தனியா கெடக்குது, கோழி கெளறுன மாரி கீது" என்றாள். புது எடிட்டரில் அதையே காட்டினேன். கடகடவென்று எல்லா ஊரையும் படித்தாள்.

இந்த அறுப்பு முடிவதற்குள் புரோகிராமை நானும் ரம்யாவும் தனியாக ஓட்டிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளியூர் கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று சங்கக் கமிட்டியில் பேச்சு நடக்கிறது. கொடுத்துவிட்டால் எனக்கு இந்த மலையில் வேலை இல்லை. நீ கூப்பிடுகிற மாதிரி பெங்களூர் வந்து உன் சமையலறையில் உட்கார வேண்டியதுதான். அது எனக்குப் பிடிக்கவில்லை, அருண்.

அம்மா எதிரில் உன்னை 'நீங்க, வாங்க' என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கடிதத்திலாவது விடு.

கோபம் இருந்தாலும் உன்,
அன்பு


பெங்களூர்,
7.10.2025

அன்பு,

கூப்பிடாதே என்றாய், கூப்பிடவில்லை. இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். இதையும் போனில் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். தப்பு இருந்தால் அது போனின் தப்பு.

நீ நினைக்கிற மாதிரி நான் வீம்புக்குச் சொல்லவில்லை. சங்கத்துக்கு நாம் எடுத்திருப்பது இருப்பதிலேயே சின்ன சர்வர். போன மாசம் நீ அந்தப் புது எடிட்டரை அதில் இணைத்ததும் அது மெமரியை முழுசாகத் தின்றுவிட்டு சர்வரையே படுக்கப் போட்டது. இரண்டு தடவை நான்தான் எழுப்பினேன். அதனால்தான் அதை அங்கிருந்து எடுத்தேன். மழை வந்தால் உன் மலையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். அந்த ஒரு கோட்டிலும் கறுப்புத் திரை வேலை செய்யும். உன் புது எடிட்டர் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

உன் லேப்டாப்பில் ஒரு பிரதி வைத்துத் திருத்தி அனுப்புகிறேன் என்று முன்பே சொன்னாய். இரண்டு இடத்தில் இரண்டு பிரதி இருந்தால் எது சரியென்று யாருக்குத் தெரியும்?

ஒரே ஒரு மாசம் கை பழக்கு. பழகிவிட்டால் வேறு எதையும் தொட மாட்டாய். உனக்கென்று சில சுருக்குவழிகள் நானே எழுதிப் போட்டுத் தருகிறேன். நீ எதையும் மாற்ற வேண்டாம், குடு, நான் பண்றேன்.

என் அம்மா ஆலங்காயத்திலிருந்து உனக்கு ஒரு டின் முறுக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறாராம். கண்டக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள். தீபாவளிக்கு நான் மலைக்கு வருகிறேன். அப்போது நேரில் சொல்லித் தருகிறேன்.

உன்,
மரிய அருண்


ஜமுனாமரத்தூர்,
13.10.2025

அருணுக்கு,

முறுக்கு வந்தது. அத்தைக்குப் போன் பண்ணி நன்றி சொல்லிவிட்டேன். மற்றபடி நல்ல சேதி எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தும்மட்டிக்கொல்லை என்று ஒரு ஊரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நீ சொன்ன பேச்சைக் கேட்டு உன் கறுப்புத் திரையில்தான் உட்கார்ந்தேன். கீபோர்டு தமிழில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை அடித்தேன். கீபோர்டு இங்கிலீஷில் இருந்தது, திரை கட்டளை நிலையில் இருந்தது. 'தும்' என்று நான் அடித்ததை உன் எடிட்டர் 'இந்த வரியையும் மேல் வரியையும் அழி' என்று எடுத்துக்கொண்டது. கீழே புதிதாக ஏதோ இங்கிலீஷ் குப்பை ஒரு வரி வந்தது. அதைத்தான் நான் பார்த்தேன், அதைத்தான் அழித்தேன். தும்மட்டிக்கொல்லையைச் சரியாக எழுதிச் சேமித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மேலே இருந்த கல்லாத்துக்காடும் மேல்வலசையும் போனது எனக்குத் தெரியாது. அந்தத் திரை சொல்லவும் இல்லை. புரோகிராம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடியது. சனிக்கிழமை சந்திரன் அண்ணன் தாளில் இருந்த ஊருக்கெல்லாம் போய்விட்டு வந்து வண்டியை நிறுத்தினார்.

அந்த இரண்டு ஊர்க்காரர்களுக்கும் மெசேஜ் போகவில்லை. ஆனாலும் எப்போதும் வருகிற கிழமைதானே என்று மூட்டையைத் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். மத்தியானம் மழை பிடித்தது. மூடுவதற்குத் தார்ப்பாய்கூட இல்லை. காய வைத்த சாமை அத்தனையும் நனைந்தது.

நேற்று மாதம்மாள் கல்லாத்துக்காட்டிலிருந்து நடந்தே ஆபீசுக்கு வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஏம்மா அன்பரசி, எங்க ஊரு இன்னா, மலையில இல்லியா? வண்டி வரும் வரும்னு ரோட்டாண்ட குந்தினு இருந்தோம். நீ நம்ம பொண்ணுன்னுதான் தெகிரியமா மூட்டைய எடுத்தாந்தோம்" என்றார். அவர் போனதும் பாத்ரூமில் போய் அழுதேன்.

இதில் வயிறு எரிகிற இன்னொரு விஷயம் கேள். பழைய பிரதி என் லேப்டாப்பில் இருந்தது. அதையும் சர்வரில் இருந்ததையும் புது எடிட்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். போன இரண்டு ஊரும் சிவப்புப் பட்டையில் பளிச்சென்று தெரிந்தது. ரம்யாகூட, "அக்கா, தோ ரெண்டு ஊரு செவப்பா கீது" என்று கை காட்டினாள். இரண்டையும் திரும்பச் சேர்த்து சர்வருக்கு அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமையே இதில் செய்திருந்தால் அந்த மூட்டைகள் நனைந்திருக்காது.

கமிட்டி அடுத்த சனிக்கிழமையை விட்டு அதற்கடுத்த சனிக்கிழமை வரை பொறுத்துப் பார்க்கிறதாம். இன்னொரு ஊர் விட்டுப்போனால் வெளியூர் கம்பெனிதான்.

எதுவும் எழுதப் பிடிக்காமல்,
அன்பரசி


பெங்களூர்,
15.10.2025

அன்பு,

படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. மாதம்மாளை எனக்கும் தெரியும். நம் கல்யாணத்துக்குப் பலாப்பழம் தூக்கிக்கொண்டு வந்தவராயிற்றே.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. சேமிப்பதற்கு முன்னால் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்திருக்கலாம். எடிட்டர் சொன்னதைச் செய்தது. கத்தி வெட்டியது என்று கத்தியை மாற்றுவார்களா?

இந்த நேரத்தில் நீ புதிதாக எதையும் முயற்சி பண்ண வேண்டாம். கமிட்டி வேறு கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் எந்த ஊர் சேர வேண்டும், எது போக வேண்டும் என்று எனக்கு எழுதி அனுப்பு. நானே போட்டுவிடுகிறேன். தெரியாமல் யாராவது கை வைத்துவிடக் கூடாது என்று சர்வர் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். உன் நிம்மதிக்காகத்தான். கொஞ்ச நாள் தலைவலி இல்லாமல் இரு.

உன்,
அருண்


ஜமுனாமரத்தூர்,
16.10.2025

அருண்,

என் நிம்மதிக்காக என் வேலையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாயா? நல்லா இருக்கிறது நியாயம்!

கேஸ் சிலிண்டர் மாட்டப் போனால் "குடு, நான் பண்றேன்." ஸ்கூட்டரை ஸ்டாண்டு எடுக்கப் போனால் "குடு, நான் பண்றேன்." வாணியம்பாடியில் இந்தப் புரோகிராமை எழுதும்போதும் அப்படித்தான். நான் ஒரு வரி எழுதி யோசித்துக்கொண்டிருப்பேன், நீ என் மடியில் இருந்து லேப்டாப்பை எடுத்துக்கொள்வாய். நீ வேகமாகத்தான் செய்வாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு எதுதான் வரும் என்று பார்க்க நீ ஒரு நாளும் காத்திருக்கவில்லை. நான் மலைக்குத் திரும்பி வந்தது அம்மாவுக்கு முடியவில்லை என்பதற்காக மட்டும் என்றா நினைத்துக்கொண்டிருக்கிறாய்?

தெரியாமல் கை வைக்கிற யாரோ என்று எழுதியிருக்கிறாயே, அது நான்தானே?

சரி, போடு. நீயே போடு. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வண்டி கிடையாது. 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை போட வேண்டியதைக் கீழே தமிழில் எழுதியிருக்கிறேன். சந்திரன் அண்ணனுக்காகத் தமிழிலேயே போட வேண்டும். போனில் வாயால் சொல்லி ஒட்டுவதெல்லாம் உன் கறுப்புத் திரையில் நடக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது.

சேர்க்க வேண்டியவை: குமிழங்காடு, புதுவலசை, தும்மட்டிக்கொல்லை மேல்தெரு.

தீபாவளிக்கு வருகிறேன் என்றாய். வேண்டாம்.

அன்பரசி


25.10.2025, காலை

அருண்,

மெசேஜ் எந்த ஊருக்கும் போகவில்லை. தாளும் வரவில்லை. புரோகிராம் ஆரம்பிக்கவே மாட்டேன் என்கிறது. நேற்று நீ என்ன செய்தாய்? போனை எடு.

அன்பு


25.10.2025, கொஞ்ச நேரம் கழித்து

அருண்,

சந்திரன் அண்ணன் வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிற்கிறார். "எங்கம்மா போவுணும், சொல்லுங்க, போய்ட்டு வர்றேன்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கமிட்டித் தலைவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பாஸ்வேர்டையாவது அனுப்பித் தொலை.

உன்னை எத்தனை தடவைதான் கூப்பிடுவது?

அன்பு


பெங்களூர்,
27.10.2025

அன்பு,

நீ கூப்பிட்டபோது போனைச் சைலன்டில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். மூன்று ஊர்தானே, போட்டாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கினேன். எழுந்த பிறகுதான் நீ கூப்பிட்டதையெல்லாம் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன், சிரித்துக்கொள். வெள்ளிக்கிழமைதான் முதல் முறையாக என் கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டு போட்டேன். குமிழங்காடு எழுதி முடிக்கவே வேர்த்துவிட்டது. எஸ்கேப் தட்டிச் சேமிக்கப் போனால் எதுவும் நடக்கவில்லை. கீபோர்டு இன்னும் தமிழிலேயே இருந்தது. இங்கிலீஷுக்கு மாற்றினேன். அடுத்த ஊரை எழுதத் தொடங்கினேன், திரும்பத் தமிழுக்கு மாற்ற மறந்துவிட்டேன். திரை மேலும் கீழும் குதித்தது. எதை அழித்தேன், எதைத் திரும்பக் கொண்டு வந்தேன் என்று புரியவில்லை. எழுத்தெல்லாம் பிரிந்து கிடந்ததால் படித்துப் பார்க்கவும் முடியவில்லை. மேலிருந்து கீழே ஒரு தடவை பார் என்று உனக்கு எழுதினேனே, பார்த்தேன். எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரிந்தது. கடைசியில் ஒரு அடைப்புக்குறி போயிருந்திருக்கிறது, அது இல்லாமல் புரோகிராம் ஓடாது.

நேற்று ஞாயிறு பூசைக்குக்கூடப் போகாமல் அதே மூன்று ஊரை ஒரு வெற்றுக் கோப்பில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். விரல் ஒத்துழைக்கவில்லை. எரிச்சலில் கீபோர்டைத் தூக்கி மெத்தையில் போட்டேன். உன்னை ஒரு மாசம் பழகச் சொன்னேன். எனக்கு ஒரு நாள் தாங்கவில்லை.

புது எடிட்டரையே வைத்துக்கொள். நான் மாற மாட்டேன், என் வேலைக்கு என் கறுப்புத் திரைதான். ஆனால் உன் வேலைக்கு அது ஆகாது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் எழுந்ததும் சரி பண்ணலாம் என்று சர்வருக்குள் போகப் பார்த்தேன். என் பாஸ்வேர்டை அது ஏற்கவில்லை. உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வண்டி போனதா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாயா, அன்பு? சர்வரிலிருந்து மட்டுமா, இல்லை எல்லாவற்றிலிருந்துமா? எனக்குப் பயமாக இருக்கிறது.

அருண்


ஜமுனாமரத்தூர்,
28.10.2025

அருணுக்கு,

வண்டி போனது.

நீ எடுக்காமல் போன அந்த அரை மணியில் நான் இருந்த கோபத்துக்கு நீ எதிரில் இருந்திருந்தால் என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சர்வரை நாம் வாங்கியது சங்கத்தின் பெயரில். பூட்டியது நீ என்பதால் திறப்பதும் நீதான் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். தலைவர் எதிரிலேயே இருந்தார். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று தட்டினேன், சங்கத்துக்காகப் பதிந்திருந்த அவர் போனுக்கு வந்த ஓடிபி எண்ணைச் சொன்னார், பாஸ்வேர்டை நானே மாற்றினேன்.

உன் கைவண்ணத்தை இறக்கி என் லேப்டாப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பப்பா, எங்கே பார்த்தாலும் சிவப்பு! ரம்யா, "யாருக்கா இத கொதறி வெச்சது?" என்று கேட்டாள். எங்கள் வீட்டுக்காரர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை, பிழைத்துப் போ.

மூன்று ஊரையும் ரம்யாதான் அடித்தாள். தும்மட்டிக்கொல்லையில் ஒரு இடத்தில் தயங்கினாள். என் கை தானாக அவள் பக்கம் போனது, அருண். "குடு" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளே எழுதி முடித்தாள். சர்வரில் அந்த எடிட்டரை இணைக்கவில்லை, பயப்படாதே. திருத்திய கோப்பை மட்டும் அனுப்பினோம், ஒரு கோடு சிக்னல் போதுமானதாக இருந்தது. எது சரியான பிரதி என்று கேட்டாயே, எங்கள் லேப்டாப்பில் இருப்பதுதான் சரியானது. வண்டி தாமதமாகப் போனாலும் எல்லா ஊருக்கும் போனது. கல்லாத்துக்காட்டுக்கு நானே வண்டியில் ஏறிப் போனேன். மாதம்மாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் மூட்டையை ஏற்றினார். அது போதும் இப்போதைக்கு.

கமிட்டி எங்களிடமே விட்டிருக்கிறது, சாமை முடிகிற வரைக்கும். அடுத்து வருகிற புளி சீசனுக்கு என்ன என்று பிறகு பார்க்கலாம் என்றார் தலைவர்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். சர்வர் பாஸ்வேர்டை உனக்குச் சொல்ல மாட்டேன். இந்த மாசம் இல்லை, அடுத்த மாசமும் இல்லை. கேட்கவும் கேட்காதே. வேறு எந்தக் கதவையும் நான் சாத்தவில்லை.

வெள்ளிக்கிழமை வா. வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடித்தால் அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம். நாங்கள் ஊர் மாற்றும்போது பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார். நான் தப்பாக அடிப்பேன், ரம்யா தயங்குவாள், உனக்குக் கை பரபரக்கும். டின்னில் உங்கள் அம்மாவின் முறுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. "குடு, நான் பண்றேன்" என்று சொல்லத் தோன்றும்போதெல்லாம் ஒரு முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொள்.

டின் காலியாவதற்குள் நாங்கள் முடித்துவிடுவோம்.

அன்பு